நேபாளத்துக்கு மாதிரி தேர்ந்தெடுக்க ஆண்டுச் சராசரி போதாது

நேபாளம் முழுவதற்குமான ஆண்டு மழைச் சராசரி பொருந்தினாலே ஒரு வட்டாரக் காலநிலை மாதிரியை (ஒரு பகுதியின் காலநிலையைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி நிரலை) தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அன்னபூர்ணா மலைத்தொடருக்குத் தெற்கே லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை. மலைக்கு அந்தப் பக்கம் ஜொம்சோமில் 300 மி.மீ. அளவுதான். இடைவெளி சுமார் 50 கி.மீ. இத்தகைய மாதிரிகளை ஒருங்கிணைக்கும் கோர்டெக்ஸ் (CORDEX) என்ற சர்வதேசத் திட்டத்தில் தெற்காசியாவுக்காக ஓட்டப்பட்ட பல கணிப்புகளில், நிலப்பரப்பைப் பிரிக்கும் ஒரு கட்டத்தின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு! தெற்கில் குறைத்தும் வடக்கில் கூட்டியும் காட்டும் மாதிரிக்குக்கூட சராசரி சரியாக வந்துவிடும். பருவவாரியாக, உயரவாரியாகப் பிழையைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், மழைமானிகள் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளில்தான் இருக்கின்றன. காற்றடித்தால் பனி அவற்றுக்குள் சரியாக விழாது; உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகும். அதனால் உயரமான இடங்களில் மழையைக் கூட்டிக் காட்டுகிறது என்று ஒரு மாதிரியை ஒதுக்கிவிடும் முன், ஆற்று நீரோட்ட அளவீடுகளோடும் ஒத்துப் பாருங்கள்.