டிஎஸ்ல ஆடினா அது காசில்வேனியா இல்லையா?

நேத்து ராத்திரி அந்த ரேங்கிங் பதிவப் பாத்தவங்களுக்கு நான் எதுக்கு இத எழுதுறேன்னு தெரியும். பாக்காதவங்க விட்டுருங்க, தேடிப் போக வேணாம். டிராகுலா கோட்டைக்குள்ள போய்ச் சண்ட போடுற கொனாமி கம்பெனியோட வீடியோ கேம் வரிசை காசில்வேனியா, அது மொத்தத்தையும் ஒருத்தர் மேல இருந்து கீழ அடுக்கியிருந்தாரு, முதல் இடம் சிம்பொனி ஆஃப் த நைட், சரி, அது அவரோட இஷ்டம், அதுக்கு நான் சண்டைக்கே போகல. ஆனா நிண்டெண்டோவோட கையடக்க மெஷின்கள்ல, கேம்பாய் அட்வான்ஸ்ல வந்த மூணையும் டிஎஸ்ல வந்த மூணையும் ஒரே மூட்டையாக் கட்டி கடைசியில போட்டு, இதெல்லாம் பஸ்ல போறப்ப டைம்பாஸுக்கு ஆடுற பாதி கேம்னு ஒத்த வரியில முடிச்சுட்டாரு பாருங்க, அங்கதான் எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. நான் கீழ கமெண்ட்ல போய், எக்லீசியா (டிஎஸ்ல கடைசியா வந்த ஆர்டர் ஆஃப் எக்லீசியா) முடிச்சீங்களா அண்ணான்னு மட்டும்தான் கேட்டேன். அதுக்கு "தங்கச்சி, மொதல்ல டிவில ஒரு நல்ல கன்சோல்ல ஆடிப் பழகிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்"னு பதில். அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு எமோஜி. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா என் கமெண்டே இல்ல.

சரி, இங்க எழுதுறேன், இங்க யாரும் அழிக்க முடியாது.

கையில வச்சு ஆடுற கேம் பாதி கேம் இல்ல. நான் சொல்ல வர்றது இந்த ஒண்ணுதான், இதையேதான் திரும்பத் திரும்ப சொல்லுவேன். 2001ல சர்க்கிள் ஆஃப் த மூன், 2002ல ஹார்மனி ஆஃப் டிஸொனன்ஸ், 2003ல ஏரியா ஆஃப் சாரோ, 2005ல டான் ஆஃப் சாரோ, 2006ல போர்ட்ரெய்ட் ஆஃப் ரூயின், 2008ல ஆர்டர் ஆஃப் எக்லீசியா. 1997ல பிளேஸ்டேஷன்ல சிம்பொனி ஆரம்பிச்சு வச்ச அந்த பாணிய, அதாவது முழுக் கோட்டையையும் சுத்திச் சுத்தி வந்து, புதுசா ஒரு சக்தி கிடைச்சா பழைய பூட்டுன கதவுக்குத் திரும்பிப் போற அந்த பாணிய, எடுத்து வளத்தது இந்த ஆறும்தான். அந்த வருஷங்கள்ல டிவி பக்கம் என்ன வந்துச்சு? 2003ல பிளேஸ்டேஷன் 2க்கு லேமெண்ட் ஆஃப் இன்னொசன்ஸ், 2005ல கர்ஸ் ஆஃப் டார்க்னஸ். ரெண்டையும் நான் ஆடியிருக்கேன். பாட்டு அருமை, மிச்சிரு யமானே பாட்டு எந்த கேம்ல சோடை போச்சு. ஆனா ஆடிப் பாத்தா ஒரே மாதிரி நடை, ஒரே மாதிரி ரூம், கதவத் திறந்தா அதே ரூம் மறுபடியும். அதே 2003லதான் உள்ளங்கை அளவு ஸ்கிரீன்ல ஏரியா ஆஃப் சாரோ வந்துச்சு. எது பெரிய கேம்னு ரெண்டையும் ஆடினவங்க சொல்லட்டும்.

ஏரியாவப் பத்தி ஒரு வரியாவது எழுதியிருக்கணும் அவரு. 2035, ஜப்பான், சூரிய கிரகணத்துக்குள்ள டிராகுலா கோட்டை. சோமா க்ரூஸ்னு ஒரு சாதாரணப் பையன் உள்ள மாட்டிக்கிறான், அடிக்கிற ஒவ்வொரு பேயோட ஆன்மாவையும் அவன் உறிஞ்சி எடுத்துக்கிறான். எதுக்கு அவனுக்கு மட்டும் இது முடியுதுன்னு நாம யோசிக்காமயே ஆடிக்கிட்டு இருப்போம், அப்புறம்தான் தெரியுது, டிராகுலாவோட மறுபிறவியே அவன்தான். அதுக்கப்புறம் டிராகுலாவ வேட்டையாடுற பெல்மாண்ட் குடும்பத்து ஜூலியஸ் எதிர்ல வந்து நிக்கிறப்ப, இத்தன வருஷமா நாம கையில வச்சு அடிச்ச அந்த சவுக்கு நம்ம மேல விழுது. 1986ல இருந்து ஓடுற ஒரு கதைய அப்படியே திருப்பிப் போட்ட இடம் அது. பஸ்ல டைம்பாஸ்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சு.

சிம்பொனி எனக்குப் பிடிக்காதுன்னு யாரும் நினைச்சுக்காதீங்க. ரொம்பப் பிடிக்கும். தேவாலயப் பகுதியில ஒரு பாவமன்னிப்பு அறை இருக்குமே, சிம்பொனியோட நாயகன் அலுகார்ட் போய் அந்த நாற்காலியில உக்காந்தா திரைக்கு அந்தப் பக்கம் பாதிரியார் ஆவி வரும். வெளிச் சுவர்ல ஒரு டெலஸ்கோப் இருக்கும், எட்டிப் பாத்தா கீழ தண்ணியில படகுக்காரன் போறது தெரியும். ஜெயிக்கிறதுக்கு இதெல்லாம் ஒரு உபயோகமும் இல்ல, ஆனாலும் உக்காந்து செஞ்சு வச்சிருக்காங்க. அயாமி கொஜிமா வரைஞ்ச அந்த முகங்கள் மாதிரி அப்புறம் யாரும் வரையல. ஒத்துக்கிறேன். எல்லாத்தையும் ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டாவது பாதியில வர்ற தலைகீழ் கோட்டைக்குள்ள போனதுக்கப்புறம் அது என்ன கேம்? கிரிஸெக்ரிம் வாள் கையில கிடைச்சுட்டா பட்டனத் தட்டிக்கிட்டே நேரா நடந்து போகலாம், எதிர்ல எது வந்தாலும் துண்டு துண்டா போகும். ஷீல்ட் ராடையும் அலுகார்ட் ஷீல்டையும் சேத்து மாட்டிட்டா அதுவும் வேணாம், சும்மா போய் இடிச்சாலே போதும். பாதி இடத்துக்கு ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடும். முதல் பாதி பொக்கிஷம், ரெண்டாவது பாதி நடைப்பயிற்சி. பாதி கேம்னு ஒருத்தர் சொல்லியே ஆகணும்னா எதச் சொல்லணும்?

இப்ப எக்லீசியா. இதுல கோபம் வந்தா வந்துட்டுப் போகட்டும், இது எனக்கு முக்கியம்.

எக்லீசியா என் கைக்கு வந்தது சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வந்தப்ப. டிஎஸ் லைட்டும் அதுக்குள்ள அந்த ஒரே ஒரு கார்டும். அதே வருஷம், 2009 நவம்பர், நீலகிரிக்காரங்க யாருக்கும் அத ஞாபகப்படுத்த வேணாம். கோத்தகிரி, குன்னூர், ஊட்டின்னு ஒரு பக்கம் விடாம மண் சரிஞ்சு, ரோடு அத்துப் போயி, எத்தன குடும்பம் மண்ணுக்குள்ள போச்சு. எங்க லைன் வீடுகள்ல கரண்ட் போனது போனதுதான். தகரக் கூரையில மழ அடிக்கிற சத்தத்துல பக்கத்துல உக்காந்து பேசுறது கூட கேக்காது. அப்பா டீ ஃபேக்டரியில வேலை. அங்க ஜெனரேட்டர் ஓடுற நேரம் பாத்து, டிஎஸ்ஸையும் சார்ஜரையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஸ்வெட்டருக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போவாரு. திரும்பி வந்தா மூடி மடங்குற அந்த இடுக்குல டீ தூள் ஏறியிருக்கும், நான் தீக்குச்சி முனைய வச்சு நோண்டி எடுப்பேன். வெளியில அவ்வளவு நடக்குறப்ப இந்தப் பொண்ணுக்கு கேம் கேக்குதான்னு அம்மா திட்டினாங்க, அப்பா ஒண்ணும் சொல்லல, மறுநாளும் எடுத்துட்டுப் போனாரு. ஆயா தூங்கணும்னு சத்தத்த முழுசாக் குறைச்சு வச்சு, கம்பளிக்குள்ள தலைய விட்டு ஆடினேன். எங்க வீட்ல அப்ப பெரிய டிவி கிடையாது, இருந்திருந்தாலும் கரண்ட் கிடையாது. அந்த நேரத்துல ஒரு முழு உலகம் என் கைக்குள்ள இருந்துச்சு. அதப் பாதி கேம்னு யாரு வேணா சொல்லட்டும், நான் ஒத்துக்க மாட்டேன்.

கலங்கரை விளக்கத்துக்குள்ள அந்த ராட்சச நண்டு இருக்கே, ஆடினவங்களுக்கு இந்நேரம் கட்டைவிரல் வலிச்சிருக்கும். நாம மேல ஏற ஏற அதுவும் சுவர்ல கால ஊனி மேல ஏறி வரும். நின்னு அடிச்சா மேல ஏற முடியாது, ஏறிக்கிட்டே இருந்தா அடிக்க முடியாது. உச்சிக்குப் போயி கடைசியில லிஃப்ட அறுத்து விட்டு அதோட சேத்து கீழ இறக்குறப்ப, கை நடுங்குனது குளிராலயா வேற எதாலயான்னு எனக்குத் தெரியல. எக்லீசியாவுல லெவல் ஏத்தி ஏத்தி தப்பிக்கிற வேலை சுலபமா நடக்காது. எலும்புக்கூட்டுக்கு சுத்தியல், இன்னொண்ணுக்கு நெருப்பு, எது எதுக்கு எந்த கிளிஃப்னு (ஆயுதமா மாறுற மந்திரக் குறி) நீங்க பாத்து மாத்தணும். ஒய், எக்ஸ் ரெண்டு பட்டனையும் மாத்தி மாத்தித் தட்டினாத்தான் அடி விடாம விழும், ஒரேயடியாத் தட்டினா சக்தி தீந்து போய் பேந்தப் பேந்த நிக்கணும். ஒரு அடி கூட வாங்காம ஒரு பாஸ, அதாவது பெரிய எதிரிய முடிச்சா ஒரு பதக்கம் குடுக்கும், அதாவது முடியும்னு தெரிஞ்சுதான் செஞ்சிருக்காங்க. கஷ்டம் வேற, அநியாயம் வேற. எக்லீசியா கஷ்டம், அவ்வளவுதான்.

உடனே ஒருத்தர் வருவாரு, முதல் பாதியில கோட்டையே இல்லையே, தனித்தனி இடம், நேரா நடக்குற பாதைதானேன்னு. ஆமா, சில இடம் நேர் பாதைதான், கடல் பக்கத்துப் பகுதியெல்லாம் எனக்கும் அலுப்புதான். ஆனா அந்த முதல் பாதி எதுக்கு இருக்குன்னு பாருங்க. வைகோல்னு ஒரு கிராமம், அங்க இருந்த சனங்க எல்லாரும் காணாமப் போயிருப்பாங்க. நீங்க ஒவ்வொரு இடமாத் தேடி, சுவத்தெல்லாம் தட்டிப் பாத்து, ஒவ்வொருத்தரா மீட்டு அனுப்பணும். ஒரு பொண்ணு தன் பூனையத் தேடித் தரச் சொல்லும். வைத்தியர் மருந்துக்குப் பொருள் கேப்பாரு. ஊர் கொஞ்சம் கொஞ்சமா நிரம்பும். யாரையாவது விட்டுட்டுப் போனா கெட்ட முடிவு, டிராகுலா கோட்டைக்குள்ள கால் வைக்கவே முடியாது. சனங்கள விட்டுட்டு வீரனாக முடியாதுன்னு கேமே சொல்லுது. மண்ணுக்குள்ள ஆளுங்களத் தேடிக்கிட்டு இருந்த அந்த வாரத்துல எனக்கு அது எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

பழைய சிம்பொனி பேய்களோட படத்தையே இதுலயெல்லாம் திரும்ப எடுத்து ஒட்டியிருக்காங்கன்னு சொல்றவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்ல.

சிம்பொனி இல்லாம இந்த ஆறும் வந்திருக்குமான்னு கேக்குறது நியாயமான கேள்வி. வந்திருக்காது. அதனால? மூத்தவர் நல்லா படிச்சாருங்கறதுக்காக இளையவங்க மார்க்கு செல்லாதா? சிம்பொனியில துணை இயக்குநரா இருந்து கதையும் எழுதின கோஜி இகராஷிதான் ஹார்மனியில இருந்து எக்லீசியா வரைக்கும் தயாரிப்பாளர். 2014ல கொனாமிய விட்டு வந்து, 2015ல ஜனங்ககிட்ட நேரடியாக் கேட்டு அம்பத்தஞ்சு லட்சம் டாலருக்கு மேல திரட்டி, 2019ல பிளட்ஸ்டெயின்ட்னு தன்னோட சொந்த கேம் கொண்டு வந்தாரு. முழு சுதந்திரம் கிடைச்ச மனுஷன் அதுல என்ன வச்சாரு? உடம்புல சக்திய ஏத்திக்கிட்ட ஒரு பொண்ணு, மிரியம். அடிக்கிற பேய்கள்கிட்ட இருந்து சக்திய எடுத்துக்கிறது ஏரியாவுல வந்தது. கிராமத்து ஆளுங்க ஒவ்வொருத்தரும் ஒண்ணொண்ணு கேக்குறது எக்லீசியாவுல வந்தது. சிம்பொனியும் அதுல இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த மனுஷனே தூக்கி எறியாத கேம்கள நீங்க எந்த உரிமையில எறியுறீங்க?

உண்மையச் சொன்னா கேம் மட்டும் விஷயம் இல்ல. எக்லீசியாவுல கதாநாயகி ஷனோவா, வரிசையோட முக்கியமான பாகங்கள்ல தனி ஆளா ஒரு பொண்ணு முழுக் கதையையும் தூக்கி நிக்கிறது எவ்வளவு அபூர்வம். சடங்கு பாதியில கெட்டுப் போனதால அவளுக்கு ஞாபகமும் போயிருக்கும், உணர்ச்சியும் போயிருக்கும். சிரிக்கத் தெரியாது, அழத் தெரியாது. எல்லாரும் அவள ஒரு ஆயுதமாத்தான் பாக்குறாங்க. கடைசியில அவளுக்குப் பதிலா உயிரக் குடுத்த, அண்ணன் மாதிரி இருந்த ஆல்பஸ் கேக்குறது ஒரே ஒரு சிரிப்பு. அவ சிரிக்கிறா, கூடவே கண்ணுல தண்ணி. இத ஆடி முடிச்சுட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்துல உக்காந்திருந்த ஒரு பொண்ணுகிட்ட வந்து, நல்ல கன்சோல்ல ஆடிப் பழகிட்டு வான்னு சொல்றீங்க. தங்கச்சின்னு கூப்பிடுறதுல எனக்கு வருத்தம் இல்ல, எங்க ஊர்ல தெரியாதவங்களையும் அண்ணா தங்கச்சின்னுதான் கூப்பிடுவோம். ஆனா அந்த வார்த்தைய வச்சு ஒருத்தர வெளிய அனுப்புறது எனக்கு வலிக்குது. அந்தப் பதிவுல என்னை மாதிரியே சொன்ன ரெண்டு பசங்க கமெண்ட் இன்னும் அங்கயேதான் இருக்கு. மலையில இருந்து ஒரு பொண்ணு கேட்டது மட்டும்தான் காணோம்.

டிவி இல்லாதவன், கரண்ட் நிலையா நிக்காத ஊர்ல இருக்கிறவன், லைன் வீட்ல ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்கிற வீட்டுப் பிள்ளை, இவங்களுக்கெல்லாம் காசில்வேனியா கிடைச்சதே அந்தச் சின்ன ஸ்கிரீனாலதான். அது பாதி இல்ல. எங்களுக்கு அது முழுசு.

2024 ஆகஸ்ட்ல டாமினஸ் கலெக்‌ஷன்னு டிஎஸ்ல வந்த மூணையும் சேத்து ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ்னு இப்பத்தைய கன்சோலுக்கு விட்டுட்டாங்க, கம்ப்யூட்டருக்கும் இருக்கு. டிவில ஆடினாத்தான் கணக்குன்னா இப்ப டிவிலயே ஆடலாம், அந்த சாக்கும் இல்ல. அக்கா பையன் இப்ப அதுலதான் எக்லீசியா ஆடிக்கிட்டு இருக்கான், நண்டத் தாண்டிட்டான். புதுசா ஆரம்பிக்கிறவங்க யாராவது கிராமத்து ஆளு ஒருத்தர் கிடைக்காம சுத்திக்கிட்டு இருந்தா கீழ கேளுங்க, எந்த இடம்னு சொல்றேன். வேலை முடிஞ்சு வீடு வந்து சேர ஏழு மணி ஆயிரும், அதுக்கு மேலதான் பதில் போட முடியும்.