அதான் பிடுங்கிட்டேன்ல!

(தங்கச்சிமடம். மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அக்கா. மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் கிடக்கும் படகுத் தம்பி.)

அக்கா: பொட்டையா, கடுவனா?

தம்பி: கடுவன்தான்க்கா.

அக்கா: கடுவன்னா பெருக்காதே. தட்டையா, பொடிசால இருக்கும்?

தம்பி: பொடிசா? 20 கிலோ இருப்பான்க்கா. ஒரு சட்டிக் கஞ்சியை நின்னவாக்குல காலி பண்ணுவான்.

அக்கா: நாயை யாரு கேட்டா? நான் உண்ணியைக் கேக்குறேன்.

தம்பி: அதை எதுக்கு இப்பக் கேட்டுக்கிட்டு? அதான் பிடுங்கிட்டேன்ல!

அக்கா: எப்படி இருந்துச்சு?

தம்பி: சாம்பக் கலர்ல, ஆமணக்கு முத்து கணக்கா உருண்டையா.

அக்கா: அப்பப் பொட்டை. வயிறு நிறையக் குடிச்சிருக்கு. எங்க போட்ட?

தம்பி: நம்ம கொட்டகைச் செவுத்தோரமா வீசிட்டேன்.

அக்கா: உசுரோடயா?

தம்பி: பாவம்னு விட்டுட்டேன்.

அக்கா: அது செவுத்துல மேல ஏறி, வெடிப்புக்குள்ள போயி ஆயிரக்கணக்குல முட்டை வைக்கும். பிரசவத்துக்கு இடம் பாத்துக் குடுத்துருக்க. இதுல பாவம் வேற.

தம்பி: அடுத்ததைச் சும்மா விடலக்கா. கட்டைவிரல் நகத்துல வச்சு நசுக்கிட்டேன். டப்புன்னுச்சு!

அக்கா: கையைக் காட்டு. இந்தா, வலை இழுத்து வெடிச்ச வெடிப்பு. இங்க முள்ளு கீறுன தடம். உண்ணி வயித்துல கிருமி இருந்தா இதுக்குள்ள போக எவ்வளவு நேரமாகும்? நாய் உண்ணியால மனுசருக்கும் காய்ச்சல் வரும்ப்பா. சோப்புப் போட்டுக் கழுவுனியா?

தம்பி: கைலியில தொடச்சேன்.

அக்கா: நாயை விட உன்னையத்தான் முதல்ல குளிப்பாட்டணும் போல. கேட்டுக்க. சின்ன மருந்து பாட்டில்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊத்தி மூடி வச்சுக்க. பிடுங்குன உண்ணியை நேரா அதுக்குள்ள போடு. வெறும் தண்ணியில போட்டா சாகாது.

தம்பி: கடத்தண்ணியில? பாம்பன் பக்கம் நாயைக் கடல்ல முக்கி எடுக்குறாகளே.

அக்கா: உண்ணிக்கும் சேத்துத் தீர்த்தமாடிக் கூட்டியாருவாக. ஒண்ணும் ஆகாது. தரையிலயும் போடாத. நாய் அதை நக்கி முழுங்கிருச்சுன்னா அதுலயும் ஒரு ரத்தக்கிருமி வரும். அதுக்குக் கடியே தேவையில்ல. பாட்டில் மேல தேதி எழுதி ஒட்டு.

தம்பி: உண்ணிக்குத் தேதியா? வருசா வருசம் திதி குடுக்கவா?

அக்கா: டாக்டர் கேப்பாருப்பா, என்னைக்குக் கடிச்சுச்சுன்னு. அன்னைலருந்து மூணு வாரம் நாயைக் கவனிக்கணும்.

தம்பி: மூணு வாரமா? அதான் பிடுங்கிட்...

அக்கா: பிடுங்குன, பிடுங்குன, தெரியுது. கடிச்ச எடத்துல என்ன இருக்கு?

தம்பி: கறுப்பா ஒரு புள்ளி. வாய் உள்ளயே நின்னுருச்சு போல. ஊக்கு எடுத்து நோண்டலாம்னு...

அக்கா: நோண்டாத. சின்ன முள்ளு மாதிரி தோல் அதைத் தானா தள்ளிரும். நோண்டுனா அந்தப் புண்ணுலதான் சீழ் வைக்கும். சோப்புத் தண்ணியில கழுவித் துடைச்சிட்டு, போவிடோன் அயோடினைத் தண்ணி விட்டு, டீத்தண்ணி நெறத்துக்குக் கொண்டாந்து பஞ்சுல ஒத்து. காயுற வரைக்கும் நக்க விடாம புடிச்சுக்க. மிளகு அளவுக்குத் தடிப்பு ஒரு வாரம் இருந்தா பயமில்ல. வளந்தாலோ, சுட்டாலோ, சீழ் வச்சாலோ கூட்டியா.

தம்பி: சீமெண்ணெய் தடவட்டா?

அக்கா: உன் புண்ணுல தடவிப் பாத்துட்டு வந்து சொல்லு.

தம்பி: சரி, அவன் ரெண்டு நாளாச் சோறு திங்கல. அது வெயிலுக்கு.

அக்கா: காய்ச்சல் பாத்தியா?

தம்பி: மூக்கு சூடா இருந்துச்சு. வெயிலுக்கு.

அக்கா: மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பாக்குறதை முதல்ல விடு. தெர்மாமீட்டர் வைக்கணும்.

தம்பி: நாக்குக்கு அடியிலயா? கடிச்சுருவான்க்கா.

அக்கா: பின்பக்கம்ப்பா. நுனியில எண்ணெய் தடவி மெதுவா. நாய்க்கு 102.5 வரைக்கும் சாதாரணம். 103-ஐத் தாண்டுனா காய்ச்சல். ஈறு எப்படி இருக்கு?

தம்பி: வெளுத்தாப்புல. வெயி...

அக்கா: ஒண்ணுக்கு?

தம்பி: வரக்காப்பி நெறத்துல. தண்ணி பத்தாம, வெயிலுக்கு...

அக்கா: மூக்குல ரத்தம் வந்தாலும் வெயிலுக்குத்தான் எழுதி வைப்ப. ராமநாதபுரத்துல வெயில் இல்லாத நாள் எது? அப்ப நாயெல்லாம் வருசம் பூரா பட்டினியா கெடக்கு? படகு எஞ்சின்ல சத்தம் லேசா மாறுனா, நட்டநடு ராத்திரியில மெக்கானிக் வீட்டுக் கதவைத் தட்டுவீக. வாயில்லா சீவன் ரெண்டு நாளு திங்கலைன்னா மட்டும் எல்லாரும் வானிலை அறிக்கை வாசிக்கிறீக.

தம்பி: ...

அக்கா: நாளைக் காலையில கூட்டியா. ரத்தம் எடுத்துப் பாக்கணும்.

தம்பி: அதான் உண்ணி எடுத்துருச்சே. மிச்சத்தை நீங்க எடுத்துக்கிருவீகளா?

அக்கா: காது நுனியில ஒரு சொட்டுப்பா. கண்ணாடியில தேச்சு மைக்ராஸ்கோப்ல பாக்கணும். எர்லிச்சியா, பேபிசியான்னு உண்ணி ஏத்துற ரத்தக்கிருமிக இருக்கு. எர்லிச்சியான்னா டாக்ஸிசைக்ளின் மாத்திரை, எடை பாத்து டாக்டர் எழுதுவாக, 28 நாளு. பேபிசியான்னா அது மட்டும் பத்தாது, வேற மருந்து. எதுன்னு தெரியாம நீயா கடையில வாங்கிப் போட்டா, காசும் போயி நாயும் போயிரும்.

தம்பி: 28 நாளா! மூணாம் நாளே வாலாட்டிக்கிட்டு எந்திரிச்சிட்டா?

அக்கா: எந்திரிப்பான். அங்கதான் எல்லாரும் மாத்திரையை நிப்பாட்டுறது. கிருமி உள்ள மாசக்கணக்குல சத்தமில்லாமக் கெடக்கும். அப்பறம் ஒருநா மூக்குல ரத்தம் ஊத்த, தூக்கிக்கிட்டு ஓடியாருவீக. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு கரையிலதான இருக்க? மாத்திரை குடுக்க நேரமில்லைன்னு மட்டும் சொல்லிராத. சோத்தோட வச்சுக் குடு, வெறும் வயித்துல வேணாம்.

தம்பி: சரிக்கா. வேற உண்ணி இருக்கான்னு முதுகெல்லாம் தடவிப் பாத்துட்டேன், இல்ல.

அக்கா: முதுகுல எது இருக்கும்? காதுக்குள்ள, விரல் இடுக்குல, கழுத்துக் கயித்துக்கு அடியில, அக்குள்ல, வாலுக்குக் கீழ பாரு. கொட்டகைச் செவுத்து வெடிப்பை சிமென்ட் வச்சு அடை. ஆமா, ராத்திரி எங்க படுக்குறான்?

தம்பி: கொட்டகையில பழைய வலை குமிச்சுருக்குல்ல, அது மேல.

அக்கா: தலையில அடிச்சுக்கணும். உண்ணி தன் காலத்துல முக்கால்வாசி நாய் மேல இருக்காதுப்பா, நாய் படுக்குற எடத்துலதான் ஒளிஞ்சு கெடக்கும். வலையை வெளிய எடுத்து உதறு, அடியில கெடக்குற சாக்கைக் கொளுத்து, தரைக்கு மருந்தடி. பூனை திரியுற எடம்னா கடைக்காரர்கிட்டச் சொல்லிக் கேளு. பெர்மெத்ரின்ங்கிற உண்ணி மருந்து பூனைக்கு ஆகாது, செத்துப்போகும்.

தம்பி: வலை முதலாளியோடதுக்கா. எடுக்கணும்னா அவுககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்.

அக்கா: உண்ணி கேட்டுட்டா குடியேறுச்சு?