கையெழுத்துப் போட்டவர்களை யார் கேட்பது?

மனித உரிமை ஒப்பந்தமா, அதெல்லாம் வெறும் காகிதம் என்று சிரிப்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்குத் தனிமனிதர்களை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குச் சொந்தமாக ஒரு போலீஸ்காரர்கூடக் கிடையாது. பிடியாணை இருந்தும் சூடானின் அன்றைய அதிபர் அல் பஷீர் 2015-இல் தென்னாப்பிரிக்காவுக்கும், புதின் 2024-இல் மங்கோலியாவுக்கும் சாவகாசமாகப் போய்த் திரும்பினார்கள். அவர்கள் போன இரண்டுமே அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகள், பிடித்துக்கொடுக்கக் கடமைப்பட்டவை!

சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆட்டிப்படைத்த சர்வாதிகாரி ஹிசேன் ஹாப்ரே, பதவி போனதும் செனகலுக்கு ஓடிப்போய் நிம்மதியாக இருந்தார். அவருடைய சிறையிலிருந்து உயிரோடு மீண்ட சுலைமான் கெங்கெங் என்ற கணக்காளர், தன்னைப்போல் வதைபட்டவர்களின் வாக்குமூலங்களை எழுதிச் சேர்த்து ஒளித்து வைத்தார். 2000-இல் பாதிக்கப்பட்டவர்கள் செனகலின் தலைநகர் டக்காரில் வழக்குத் தொடுத்தார்கள். எங்களுக்கு அதிகாரமில்லை என்று செனகல் நீதிமன்றங்கள் கைவிரித்தன. அவர்கள் விடவில்லை, பெல்ஜியத்துக்குப் போனார்கள். பெல்ஜியமோ செனகலையே, நாடுகளுக்கிடையிலான வழக்குகளைப் பார்க்கும், ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஹாப்ரேவை விசாரி, இல்லையேல் ஒப்படை என்று 2012-இல் தீர்ப்பு வந்தது. அது செனகல் எப்போதோ ஏற்றுக்கொண்ட சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் உள்ள விதிதான். அதே ஆண்டு செனகலில் ஆட்சி மாறியதும் கைகொடுத்தது. 2016-இல் டக்காரிலேயே ஹாப்ரேவுக்கு ஆயுள் தண்டனை.

நல்ல பெயர் எடுப்பதற்காகவே போட்ட கையெழுத்தாக இருக்கட்டுமே, பிடித்து இழுக்க ஒரு நுனி கிடைக்கிறது அல்லவா? பிலிப்பைன்ஸின் அதிபராக இருந்த துதெர்தே 2019-இல் நாட்டையே சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலக்கிக்கொண்டார். ஆனாலும் நாடு உறுப்பினராக இருந்த காலத்தில் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளுக்காக அவரை 2025 மார்ச்சில் அந்த நீதிமன்றம் உள்ள ஹேக்குக்கு விமானம் ஏற்றினார்கள். (அப்போது ஆட்சியிலிருந்த மார்கோஸ் குடும்பத்தோடு கூட்டு முறியாதிருந்தால் நடந்திருக்குமா என்பது வேறு கதை.)

எனக்கு உறுத்துவது வேறு. மாட்டிய இருவருமே நாற்காலியை இழந்தவர்கள். ஹாப்ரேவை அன்று தாங்கிப்பிடித்த அமெரிக்காவும் பிரான்சும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. அதற்காகப் பொருளாதாரத் தடை போடு, படையனுப்பு என்பவர்களோடும் சேர மனம் வரவில்லை. தடை போட்டால் மருந்துக்கு அலைவது ஆட்சியாளரா என்ன?

ஆகவே ஓர் அரசு மனித உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது என்று செய்தி வந்தால் நான் பார்ப்பது இரண்டுதான்: அதை உள்நாட்டுச் சட்டமாக்கினார்களா, தனிமனிதர் அந்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவிடம் புகார் கொடுக்க வழி விட்டார்களா?

ஹாப்ரே 2021-இல் கைதியாகவே இறந்தார். நீதிமன்றம் அறிவித்த இழப்பீட்டில் ஒரு காசுகூட அதுவரை பாதிக்கப்பட்டவர்கள் கைக்கு வந்திருக்கவில்லை.