வாடகை வீட்டுச் சுவரும் நம் சாமி மூலையும்

டர்பனில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. சுவர் முழுக்க வெறுமை. குடிவந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த தஞ்சாவூர் ஓவியம் இன்னும் போர்வைக்குள் சுற்றியபடியே கட்டிலுக்கு அடியில் கிடக்கும். ஏன் மாட்டவில்லை என்று கேட்டால், "சொந்த வீடு வாங்கினதும் மாட்டிக்கலாம் அக்கா, இப்போ ஆணி அடிச்சா டெபாசிட் போயிடும்" என்பார்கள். அதற்குள் வீட்டுக் குழந்தை அந்த வெறும் சுவர்களுக்கு நடுவிலேயே வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும். எனக்கு இது சரியாகப் படவில்லை. சுவரில் ஒரு ஓட்டைகூடப் போடாமல் வீட்டை நம் வீடாக ஆக்கிக்கொள்ள முடியும். முதலில் இந்த டெபாசிட் பயம் தெளியட்டும்.

தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டத்தை நம்மில் பலர் படித்ததே இல்லை. குடிபோவதற்கு முன் வீட்டுக்காரரும் நாமும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்கிறது அது. ஏற்கெனவே இருக்கும் விரிசல், கறை, உடைசல் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் மறுபடியும் சேர்ந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு பிடித்தம் என்று பேச முடியாது. டெபாசிட் பணம் வட்டி தரும் கணக்கில்தான் இருக்க வேண்டும். நாம் தரவேண்டியது எதுவும் இல்லையென்றால் 7 நாட்களுக்குள் வட்டியோடு திரும்பி வர வேண்டும். சேதம் இருந்தால் அதைச் சரிசெய்யும் நியாயமான செலவை மட்டும் கழித்துக்கொண்டு, வீட்டை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் மீதியைத் தர வேண்டும். அந்தச் செலவுக்கான ரசீதுகளைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. தகராறு வந்தால் மாகாணத்தின் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. ஆகவே குடிபோகும் அன்றைக்கே போனை எடுத்து எல்லாச் சுவரையும், கூரையையும், அலமாரிக்குள்ளேயும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். அந்தப் படங்கள் கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர் வீடுகளில் டெபாசிட்டைத் தின்பது பெரும்பாலும் ஆணி இல்லை. எண்ணெய், மஞ்சள், புகை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சுவரில் ஒரு படம்கூட மாட்டாமல் அவ்வளவு கவனமாக இருந்தது. காலி செய்யும்போது சாமி மூலைக்கு மேலே கூரையில் வட்டமாகக் கரி படிந்திருந்தது. அறை முழுக்க மறுபடி பெயின்ட் அடித்த செலவு டெபாசிட்டில் போயிற்று. கற்பூரம் எரியும்போது கரிப்புகை நிறைய வரும். சாம்பிராணியும் அகர்பத்தியும் சேர்ந்தால், மலிவான பிவிஏ பெயின்ட் அடித்த வாடகை வீட்டுச் சுவர் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.

அதனால் வீட்டை அலங்கரிப்பது என்று நான் பேச ஆரம்பித்தால் சாமி மூலையில்தான் ஆரம்பிப்பேன். அது அமைந்தால் வீடு தானாக அமையும் என்பது என் நம்பிக்கை. சுவரில் பலகை அடிக்க வேண்டாம். தரையில் நிற்கும், தனியாகத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு மர அலமாரி வாங்குங்கள், அல்லது இங்குள்ள தச்சரிடம் சொல்லிச் செய்யுங்கள். பின்பக்கம் முழுப் பலகை இருக்கட்டும். படங்களுக்கான ஆணியை அந்தப் பலகையில் ஆசை தீர அடித்துக்கொள்ளலாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காமாட்சி விளக்கின் அடியில் அகலமான பித்தளைத் தாம்பாளம், சொட்டும் எண்ணெய் எல்லாம் அதில் விழும். திரியைச் சிறிதாக இழுத்துவிட்டால் கரி குறையும். கற்பூரத்தை மட்டும் மூலைக்குள் வைத்துக் கொளுத்தாமல், திரைச்சீலை இல்லாத திறந்த ஜன்னல் பக்கம் தட்டில் ஏற்றிக் காட்டுங்கள்.

வாசல் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் பெயின்ட் அடித்த நிலையில் மஞ்சள் ஏறினால் துடைத்துப் போகாது. எங்கள் தெருவில் ஒரு ஆயா செய்ததைப் பார்த்து நானும் பழகிக்கொண்டேன். ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய மரச்சட்டம், அதற்கு மஞ்சள் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசல் இரும்புக் கேட்டின் மேல்கம்பியில் சிவப்பு நூலால் கட்டிவிடுவார். வெள்ளிக்கிழமை கழற்றித் துடைத்துப் புதிதாகப் பொட்டு வைப்பார். புரட்டாசி மாதம் வந்தால் அதே கேட்டில் மாவிலைத் தோரணம்.

இந்த இரும்புக் கம்பிகளைப் பற்றித் தனியாகவே சொல்லலாம். இந்த ஊரில் திருட்டுக்குப் பயந்து ஏறக்குறைய எல்லா ஜன்னலிலும் உள்பக்கம் கம்பி போட்டிருக்கிறார்கள். முதலில் பார்க்கும்போது நெஞ்சை அடைக்கும். ஆனால் ஆணியே தேவைப்படாத மாட்டுமிடம் இதுபோல் வேறு எங்கே கிடைக்கும்? கொடி படரவிடலாம், சின்ன மண்தொட்டிகளை எஸ் கொக்கியில் தொங்கவிடலாம், தீபாவளிக்கு விளக்குச் சரம் சுற்றலாம். கழற்றினால் சுவடு இருக்காது. அவசரத்துக்குத் திறக்கும் கம்பி என்றால் அதன் பூட்டுப் பக்கத்தை மட்டும் காலியாக விடுங்கள்.

பசைப்பட்டையால் சுவரில் ஒட்டும் கொக்கிகளை நான் பாதிதான் நம்புகிறேன். அவற்றைப் பிடிக்காதவர்கள் பலரும் ஒழுங்காக ஒட்டியிருக்க மாட்டார்கள். சுவரைத் துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதாது, மருந்துக்கடை ஆல்கஹால் வேண்டும். அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாரம் ஏற்ற வேண்டும். எடுக்கும்போது பட்டையைச் சுவரை ஒட்டி நேர்கீழாக மெதுவாக இழுக்க வேண்டும். இத்தனையும் செய்தாலும், வீட்டுக்காரர் அவசரமாகப் பூசிய பெயின்ட் என்றால் பட்டையோடு பெயின்டும் உரிந்து வந்துவிடும். அலமாரிக்குப் பின்னால் மறைவான இடத்தில் ஒன்றை ஒட்டி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெளியே தெரியும் செங்கல் சுவரில் ஒட்டவே ஒட்டாது. எல்லோரும் கையில் எடுக்கும் பிரெஸ்டிக் என்ற பிசின் உருண்டையும் பெயின்டில் எண்ணெய்த் தடம் விடும். குழந்தைகள் வரைந்த படத்துக்கு ஃபிரிட்ஜ் கதவும் காந்தமும் போதும். ஒட்டும் வால்பேப்பர் வாங்குகிறவர்களை நான் தடுக்கத்தான் செய்வேன். கடலோர ஈரத்தில் ஓரங்கள் சுருண்டுகொள்ளும், பின்னால் பசை மிஞ்சும்.

என்னைக் கேட்டால் காசைத் துணியில் போடுங்கள். டாக்டர் யூசுஃப் தாதூ தெருவில், இன்னும் எல்லோரும் கிரே ஸ்ட்ரீட் என்றே சொல்லும் அந்தத் தெருவில், புடவைக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். வீட்டிலேயே கட்டாமல் மடிந்து கிடக்கும் சுங்குடியும் கைத்தறியும் இருந்தால் இன்னும் நல்லது. இங்கே ஜன்னல்களில் திரைக்கம்பி பெரும்பாலும் வீட்டோடு இருக்கும். ஏற்கெனவே தொங்கும் மங்கிய திரையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, புடவையை இரண்டாக வெட்டித் தைத்துத் தொங்கவிட்டால் காலை வெயில் அந்தக் கரை வழியாக வரும்போது அறையே வேறாகிவிடும். போகும்போது பழைய திரையை மாட்டிவிட்டுப் போகலாம். கதவில்லாத வழிகளுக்கு, உள்ளே ஸ்பிரிங் வைத்து இரண்டு பக்கமும் அழுத்தி நிற்கும் கம்பி கடையில் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம். கோடையில் டர்பன் காற்றில் இருக்கும் ஈரம் சென்னைக்காரர்களுக்கே தெரியும். வெளிச்சுவரில் துணியை ஒட்டினாற்போல் தொங்கவிட்டால் பின்னால் பூசணம் பிடிக்கும். காற்றுப் போக இடைவெளி விடுங்கள், பீரோவுக்கும் அப்படித்தான். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியை வினைல் தரையில் போட வேண்டாம், மஞ்சளாகக் கறை விழும்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குக் கோலம்தான் சிக்கல். வாசலுக்கு வெளியே இருக்கும் நடை நம்முடையதும் இல்லை, வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. எல்லா ஃபிளாட் உரிமையாளர்களுக்கும் பொதுவான அதை அவர்களின் சங்கமான பாடி கார்ப்பரேட்தான் நிர்வகிக்கிறது. அங்கே வண்ணம் பூசவோ ஆணி அடிக்கவோ எழுத்தில் அனுமதி வேண்டும். பால்கனி வெளியிலிருந்து எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கும் விதிகள் உண்டு. நான் கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு பலகையை வாசலுக்கு உள்பக்கம் வைத்து அதில் மாக்கோலம் போடுகிறேன். பால்கனியில் வாழைப்பழத் தாரை மட்டும் கட்டாதீர்கள், குரங்குகள் வந்துவிடும்.

செடி வேண்டுமென்றால் கறிவேப்பிலையைத் தொட்டியில் வையுங்கள். 1960களில், இனத்துக்கு ஒரு பகுதி என்று குடியிருப்பைப் பிரித்த சட்டத்தால் பெயர்க்கப்பட்டு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்த இந்தியக் குடும்பங்கள், நகராட்சி கட்டிக்கொடுத்த ஒரே அச்சான வீடுகளில்தான் குடியேறின. இன்று அந்தத் தெருக்களில் மாமரமும் கறிவேப்பிலையும் விளக்குமாடமும் இல்லாத முற்றத்தைத் தேடத்தான் வேண்டும். தாங்கள் தேர்ந்தெடுக்காத வீட்டில் அவர்கள் இதைச் செய்தார்கள். நாமாகப் பார்த்துப் பிடித்து வந்த வீட்டில் நாம் ஏன் காத்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

புதிதாக வீடு பார்க்கிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் நேராகவே பேசுங்கள். வீட்டில் தினமும் விளக்கு ஏற்றுவோம், படங்களுக்கு நான்கு ஆணி அடிப்போம், போகும்போது ஓட்டையை அடைத்து அதே நிறத்தில் பூசிக் கொடுப்போம் என்று சொல்லுங்கள். சம்மதித்தால் அதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். இப்போதே குடியிருப்பவர்கள் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் நிறையப் பேர் சரி என்றுதான் சொல்கிறார்கள்.