எம்-சாண்ட் பேசுகிறவர்களே, மேஸ்திரி சொல்வதையும் கேளுங்கள்

கட்டட வேலைக்கு ஆற்று மணலைவிட எம்-சாண்ட்தான் (பாறையை உடைத்துச் செய்கிற மணல்) சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் தரப்பு இன்ஜினியர்கள் வாதாடுகிற விதம்தான் எரிச்சல். "ஆற்று மணல் கேட்கிறவன் பழைய பஞ்சாங்கம்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அந்த மேஸ்திரியின் வாதத்தை ஒருமுறையாவது முழு பலத்தோடு சொல்லிப் பாருங்களேன்!

ஆற்று மணல் உருண்டை. குறைந்த தண்ணீரிலேயே கலவை இளகும். எம்-சாண்டில் முனைகள் அதிகம், தூளும் அதிகம். 75 மைக்ரானுக்குக் கீழான தூளை ஐ.எஸ். 383 (2016) என்ற இந்தியத் தரநிலை இயற்கை மணலில் 3% வரைதான் விடுகிறது, உடைத்த மணலிலோ 15% வரை. தூள் கூடினால் தண்ணீர் கேட்கும். கலவை இறுகினால் சைட்டில் யாரும் அட்மிக்சரை (கலவையில் சேர்க்கிற ரசாயனத்தை) தேடுவதில்லை, இன்னொரு வாளி தண்ணீர்தான். நீர்-சிமெண்ட் விகிதம் ஏறும், வலிமை இறங்கும், பூச்சில் வெடிப்பு விழும். போதாததற்கு, கிரஷர் தூசியையே எம்-சாண்ட் என்று இறக்கும் லோடுகள் வேறு.

லேசான வாதமா இது? பதில் இருக்கிறது: வி.எஸ்.ஐ. இயந்திரத்தில் (கல்லை வேகமாக மோதவிட்டு முனை மழுங்க உடைப்பது) உடைத்துக் கழுவிய மணல், பூச்சுக்குத் தனியாக பி-சாண்ட் (இன்னும் நைசான எம்-சாண்ட்), லோடு வந்ததும் 75 மைக்ரான் சல்லடையில் கழுவிப் பார்ப்பது, கூடுதல் தண்ணீருக்குப் பதில் சூப்பர்பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்குகிற அட்மிக்சர்). எதிர்வாதத்தைக் காதில் வாங்காதவர்கள் இதில் ஒன்றைக்கூட ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை. சுவர் வெடித்ததும் பழி மட்டும் மேஸ்திரி தலையில்.