மானியம் வராததற்கு அந்தப் பெரியவரா காரணம்?

இந்த வாரம் முழுக்கச் சுற்றும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சோலார் பேனல் மாட்டியும் அரசு மானியம் வரவில்லை என்று மொட்டைமாடியில் நின்று அந்தப் பெரியவர் பேசியதைவிட, கீழே வந்த பின்னூட்டங்கள்தான் மனதை நோகடித்தன. "படிக்காமக் கையெழுத்துப் போட்டா இப்படித்தான்." "ஓசிக்கு ஆசைப்பட்டா அனுபவிக்கணும்." அவர் எங்கே ஓசி கேட்டார்? முழுப் பணத்தையும் தன் கையிலிருந்து கட்டிவிட்டு, அரசு தருவதாகச் சொன்ன 78,000 ரூபாய்க்குக் காத்திருக்கிறார். தவறு அவருடையதல்ல.

வீட்டு மாடியில் சோலார் போடுபவர்களுக்காக 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய். பேனல் மாட்டி, நாம் எடுக்கும் கரன்ட்டையும் திருப்பி அனுப்பும் கரன்ட்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்து, மின்வாரியம் வந்து பார்த்து, அமைப்பு ஓடத் தொடங்கிய (கமிஷனிங்) விவரம் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் ஏறிய பிறகே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு அது வரும். ஆனால் கொட்டேஷனில் முதல் வரியிலேயே 78,000ஐக் கழித்து விலை போடுகிறார்கள். கடையில் தள்ளுபடி தருவதுபோல் அதைக் காட்டியது யார்? விற்றவர்தானே?

பெரியவரின் பணம் நின்றது டி.சி.ஆர். என்ற உள்நாட்டுத் தயாரிப்பு விதியில். பேனலும், அதற்குள் இருந்து மின்சாரம் தரும் செல்லும், இரண்டுமே இந்தியாவில் தயாரானதாக இருந்தால்தான் மானியம். வெளிநாட்டு செல்லை வாங்கி இங்கே பேனலாகக் கோத்தால் "மேட் இன் இந்தியா" என்று ஒட்டலாம், மானியம் கிடைக்காது. டி.சி.ஆர். பேனல் விலை கூடுதல். அதற்குப் பதில் மற்றதை மாட்டினால் மிச்சம் விற்றவருக்கு. மாடியில் ஏற்றிய பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் வைத்துத்தான் சரிபார்க்க முடியும்.

"விதியெல்லாம் தளத்தில் இருக்கிறதே, படிக்க வேண்டாமா?" என்பீர்கள். இருக்கிறது. எழுபது வயதுக்காரர் வரிசை எண்ணைத் தேடிச் சரிபார்க்க வேண்டும், பதிவு பெற்ற வெண்டர் சரியான பேனலை மாட்ட வேண்டியதில்லை என்பது என்ன நியாயம்? வெண்டரைப் பதிவு செய்வதே வீட்டுக்காரர் நம்பி வேலையைக் கொடுக்கத்தானே! "எல்லா வெண்டரும் அப்படி இல்லை" என்றும் சொல்வீர்கள். சரி, இல்லைதான். நான் பேசுவது அப்படி இருப்பவர்களைப் பற்றி.

இதே மாதிரி இன்னும் எத்தனை! கணவர் பெயரில் இ.பி. இணைப்பு, அவர் இறந்துவிட்டார், வங்கிக் கணக்கு மனைவி பெயரில். பெயர் மாற்றம் முடிக்காமல் விண்ணப்பித்தால் பணம் நிற்கும். அதை முதல் நாளே இ.பி. பில்லை வாங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் யார்? கரன்ட் போனால் சோலாரும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்பவர் மீது மின்சாரம் பாயாமலிருக்க பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். பேட்டரி இல்லாத அமைப்பு எல்லாமே அப்படித்தான். இதையும் வாங்கிய பிறகுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள்.

அளவிலும் இதே கதைதான். நிழல் விழாத மாடியில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், சுமார் 100 சதுர அடி வேண்டும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்குப் பக்கம். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். 500ஐத் தாண்டினால்தான் பில் எகிறும். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடும் வீட்டில் போய் 3 கிலோவாட் விற்பது, மானியத்தைக் காட்டி அந்தக் குடும்பத்தின் சேமிப்பைக் கரைப்பதுதான். தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனல் வரிசையில் விழுந்தால் அந்த 4 யூனிட்டும் வராது.

கடை, கம்பெனிக்காரர்களுக்கு இந்த மானியமே கிடையாது. அவர்களுக்கு இருப்பது வருமான வரிக் கணக்கில் சோலாரின் மதிப்பில் 40 சதவீதத்தைத் தேய்மானமாக லாபத்தில் கழித்துக்கொள்ளும் வசதி. லாபமே இல்லாத சிறு தொழிலுக்கு அந்த ஆண்டு அதனால் பயனில்லை. அவர்களிடமும் "மானியம் உண்டு" என்று பேசி விற்கிறார்கள் என்றால், அதுவும் அவர்கள் படிக்காத குற்றமா?

திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. நல்ல திட்டம், இன்னும் நிறைய மாடிகளுக்குப் போக வேண்டும். அதனால்தான் இவ்வளவு கோபம். ஏமாந்தவரைக் கேலி செய்தால் அடுத்து ஏமாந்தவர் வாயே திறக்க மாட்டார்.

அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சொல்லுங்கள். கொட்டேஷன், ஒப்பந்தம், ஜி.எஸ்.டி. பில், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்தட்டும். ஒவ்வொரு பேனலின் பின்பக்க லேபிளையும் வரிசை எண் தெரியப் படம் எடுக்கட்டும். தேசியத் தளத்தில் வெண்டர் மீது புகார் பதியட்டும், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கும் அழைக்கட்டும். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மானியம் கழித்து விலை எழுதிய அந்தக் கொட்டேஷன்தான் அவர் கையில் இருக்கும் பெரிய சாட்சி. அதை எக்காரணம் கொண்டும் வெண்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.