தாண்டிப் படித்து மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்
பழைய நாவல்களில் கதை நகராத பக்கங்களைத் தாண்டிவிட்டாலும் ஒன்றும் குறையாது என்று இங்கே வந்த கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித் தாண்டியவன்தான். விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசரபிள்' நாவலில் வாட்டர்லூ போர் 19 அத்தியாயங்களுக்கு நீளும். கதாநாயகன் ழான் வால்ழானை எங்கே காணோம் என்ற அவசரத்தில் மொத்தத்தையும் புரட்டித் தள்ளிவிட்டேன். அப்புறம், அயோக்கியன் தெனார்தியேவுக்குத் தான் கடன்பட்டிருப்பதாகக் கதையில் வரும் இளைஞன் மரியூஸ் ஏன் இப்படித் தவிக்கிறான் என்று புரியாமல் விழித்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால், அந்தப் பகுதியின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது விஷயம்: இரவில் போர்க்களத்துப் பிணங்களிடம் திருட வந்த தெனார்தியே, மரியூஸின் அப்பாவைப் பிணக்குவியலிலிருந்து இழுத்துப் போடுகிறான். மோதிரத்தைக் கழற்றப் போனவனுக்கு உயிர் காத்தவன் என்ற பெயர்! இதைத் தாண்டினால் பாதிக் கதை போச்சு. திமிங்கில வேட்டை பற்றிய ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலும் அப்படித்தான். 60ஆம் அத்தியாயம் முழுக்க, திமிங்கிலத்தின் மீது எறியும் ஈட்டியில் கட்டிய கயிற்றைப் பற்றியது. கடைசியில் கப்பல் தலைவன் ஆஹாப் சாவது அந்தக் கயிறு கழுத்தில் சுற்றித்தான். மேலே கருத்து எழுதிய ஒருவர், அந்தக் கால எழுத்தாளர்கள் பத்திரிகையில் தொடராக எழுதிப் பக்கத்துக்குக் காசு வாங்கியதால்தான் இழுத்தார்கள் என்கிறார். சரி, சிலருக்குப் பொருந்தலாம். ஆனால் இவை இரண்டும் தொடர்கதைகள் அல்ல. 'மோபி டிக்' 1851இலும் 'லே மிசரபிள்' 1862இலும் நேரடியாகப் புத்தகமாக வந்தவை. 'மோபி டிக்'கில் திமிங்கிலங்களை வகை பிரிக்கும் அத்தியாயத்தில் மட்டும் எனக்கு இன்றும் கொட்டாவி வரும், ஒப்புக்கொள்கிறேன்.